இரண்டாம் ஷிப்ட்

எர்ணாவூரில் வண்டியை உதைக்கும்போது மணி பன்னிரண்டு.
கல்லூரி பதினோரு கிலோமீட்டர்.
வகுப்பு ஒன்றரைக்கு.
இந்தக் கணக்கை
அடையாறுப் பக்கத்து அத்தை மகளுக்கு
இன்னும் என்னால் விளக்க முடியவில்லை.

வண்டி அம்மாவுடையது. எக்ஸ்எல்.
காலையெல்லாம் கடைகடையாக மாவு பாக்கெட் போட்டுவிட்டு
ஈரத்தோடு திரும்பும்.
அதனால்தான் நான் இரண்டாம் ஷிப்ட்.
புளித்த வாசனையோடு
பொருளாதாரம் இளங்கலை.

துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர்கள்
நேற்றிரவிலிருந்தே வரிசையில் நிற்கின்றன.
ஒரு டிரைவர் டயர் நிழலில் சோறு வடிக்கிறார்.
அவர் அடுப்புக்கும் தடுப்புச் சுவருக்கும் நடுவே
ஒரு முழம் சந்து,
அதுதான் என் சாலை.
அப்புறம் கொருக்குப்பேட்டை கேட்.
டேங்கர் ரயிலில் ஐம்பத்தொரு பெட்டி எண்ணினேன்.
முடிந்ததும் எதிர்ப்பக்கம் இன்னொன்று வந்தது.
எண்ணவில்லை.

ஆனாலும் வந்துவிடலாம்.
வருவது ஒரு வேலையே இல்லை.
நிறுத்துவதுதான்.

விசிலை வாயிலிருந்து எடுக்காமலே பேசுவார்
வாசலில் அந்தோணிக்கண்ணு அண்ணன்:
"இன்னாம்மா, மொத ஷிப்ட்டே இன்னும் காலியாவல,
நீ எங்க சொருவுவ?"

இருநூறு வண்டிக்குப் போட்ட தகரக் கூரை.
அதனடியில் ஊரே நிற்கிறது,
மணலி, மாத்தூர், புழல், காசிமேடு.
ஹேண்டில்கள் கொம்பு கோத்துக்கொண்டிருக்கும்.
ஒன்றை உருவினால் வரிசையே சாயும்.
சாய்ந்ததைச் சாய்த்தவர்தான் நிமிர்த்த வேண்டும்,
இது எழுதாத சட்டம்.
நான் ஒருநாள் பதினாலு வண்டி நிமிர்த்தினேன்.
பதினைந்தாவது என்னுடையது.

கொடிக்கம்பத்தருகே மட்டும்
சங்கிலி கட்டிய நாலு கட்டம்.
'விருந்தினர்க்கு மட்டும்.'
மூன்று வருடத்தில் ஒரு விருந்தினர் வந்தார்.
ஆட்டோவில்.

வருகைப் பதிவு எழுபத்திநாலு புள்ளி இரண்டு.
எழுபத்தைந்து வேண்டும்.
மிச்சம் அந்தத் தகரத்துக்கடியில்
எங்கேயோ ஸ்டாண்டு போட்டுக் கிடக்கிறது, சார்,
வேண்டுமானால் வந்து தேடிப் பாருங்கள்.

எனக்கென்று ஓர் இடம் கிடைத்தது போன வருடம்தான்.
தண்ணீர்த் தொட்டிக்கும் வேதியியல் சுவருக்கும் நடுவே,
ஒல்லியான வண்டிக்கு மட்டும்.
காலையில் அங்கே வேறு யாரோ.
பார்த்ததில்லை.
நான் நுழைவதற்குள் அவர் போயிருப்பார்.
தரையில் சூடாக எண்ணெய்ச் சொட்டு, இரண்டு ரூபாய் அகலம்.
சைடு ஸ்டாண்டு மண்ணில் புதையாதிருக்க
ஒரு ஓட்டுத் துண்டு.
நானும் அதிலேயே ஊன்றுவேன்.
போகும்போது அங்கேயே விட்டுவிடுவேன்.

ஒருநாள் சுவரில் சாக்பீஸால் எழுதினேன்:
'உங்க வண்டி எண்ணெய் ஒழுகுது.'
மறுநாள் கீழே: 'தெரியும். காசில்ல.'
'வாஷர்தான். நாப்பது ரூபா.'
'மாசக் கடைசி.'
'சரி.'
'நீங்க எறும்ப கூட்டிட்டு வரீங்க. இனிமே மாவ தொடச்சிட்டு நிறுத்துங்க.'

அன்றைக்குக் கேண்டீனில் தனியாகச் சிரித்தேன்.

இப்போது பதினோரு நாளாக
எண்ணெய் இல்லை.
வாஷர் மாற்றினாரா,
படிப்பை நிறுத்தினாரா,
இரண்டுக்கும் தரை ஒரே மாதிரிதான் காய்கிறது.
ஓட்டுத் துண்டு நான் வைத்த கோணத்திலேயே இருக்கிறது.
முதல் ஷிப்ட்டில் போய் யாரைக் கேட்பது?
பெயர் தெரியாது. வண்டி நிறம் தெரியாது.
ஆணா பெண்ணா தெரியாது.
கையெழுத்து மட்டும் கொஞ்சம் வலப்பக்கம் சாயும்.

சாக்பீஸ் தேடிப் பையைத் துழாவுகிறேன்.
பின்னால் ஏழெட்டு ஹாரன்.
நீளமாய் விசில்.

"இன்னாம்மா, எடம் கெடச்சும் நிக்கிற?
வண்டிய உள்ள தள்ளு!"